அலுவலக சர்வரில் விஎம்: வேலூர் வட்டார நிறுவனங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காட்பாடியிலிருந்து வாணியம்பாடி வரை, இந்தப் பக்கம் ராணிப்பேட்டை சிப்காட் வரை, இருபது முப்பது கணினி வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு சர்வர் பார்த்துக்கொடுப்பது என் வேலை. தோல் கம்பெனி, ஷூ கம்பெனி, ஆடிட்டர் அலுவலகம், ஸ்கேன் சென்டர் என்று இடம் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொருவரிடமும் வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். முதலாளிகளும் கணக்குப் பிரிவில் இருப்பவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக, தெரிந்தவர்களுக்குத் தேவைப்படாத விளக்கங்களும் சில இடங்களில் இருக்கும்.

விஎம் என்பது என்ன? இப்போதிருக்கும் சர்வருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

விர்ச்சுவல் மெஷின் என்பதன் சுருக்கம் விஎம். தமிழில் மெய்நிகர் கணினி என்று எழுதுகிறார்கள். ஒரே சர்வர் பெட்டிக்குள் நான்கைந்து தனிக் கணினிகள் ஓடுவதுபோல மென்பொருளால் அமைப்பதுதான் இது. ஒவ்வொன்றுக்கும் தனி விண்டோஸோ லினக்ஸோ உண்டு, தனி ஐபி முகவரி உண்டு. ஒன்று ஹேங் ஆனால் அதை மட்டும் ரீஸ்டார்ட் செய்யலாம், பக்கத்தில் ஓடுவதற்குத் தெரியவே தெரியாது. இவற்றுக்கு சிபியு, ரேம், டிஸ்க் எல்லாம் பங்கு போட்டுக் கொடுக்கும் மென்பொருளை ஹைப்பர்வைசர் என்பார்கள். அது ஓடும் பெட்டி ஹோஸ்ட்.

இது நேற்று வந்த சங்கதி இல்லை. ஐபிஎம் தன் பெரிய கணினிகளுக்கு விஎம்/370 என்ற மென்பொருளை 1972இலேயே வெளியிட்டது. 1998இல் விஎம்வேர் நிறுவனம் தொடங்கி, சாதாரணக் கணினிகளுக்கும் இதைக் கொண்டுவந்தது. 2005 முதல் இன்டெல் சிப்பிலேயே இதற்கான வசதி வந்தது. 2007இல் லினக்ஸின் உள்ளேயே கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் நம்மைப் போன்ற சின்ன அலுவலகங்களுக்கும் எட்டும் விலைக்கு வந்தது.

இதில் முக்கியமாக ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். விஎம்முக்குள் இருக்கும் விண்டோஸ், டேலி, கணக்கு எல்லாமே ஹோஸ்டில் ஒன்றிரண்டு பெரிய கோப்புகளாகத்தான் உட்கார்ந்திருக்கின்றன. கோப்பு என்பதால் நகல் எடுக்கலாம், வேறு பெட்டிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். பெட்டி எரிந்துபோனாலும் அன்றைக்கே இன்னொரு பெட்டியில் ஓடவைக்கலாம். நான் விஎம் போடச் சொல்வது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். மிச்சமாகும் மின்சாரமும் இடமும் எனக்கு இரண்டாம்பட்சம்.

எங்களுக்கு இது தேவையா?

நான்கு பேர் டேலி பார்க்கிறீர்கள், வேறொன்றும் இல்லை என்றால் தேவையில்லை. ஒரு நல்ல கணினி, ஒரு யுபிஎஸ், தினம் ஒரு பேக்கப் போதும். அந்த இடத்தில் விஎம் போடச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் ஏன் என்று கேளுங்கள்.

டேலி ஒரு கணினியில், வருகைப்பதிவு இன்னொன்றில், பொதுக் கோப்புகள் மூன்றாவதில், ஏற்றுமதிப் பிரிவின் மென்பொருள் யாரோ ஒருவர் மேஜைக்கு அடியில் என்று ஓடிக்கொண்டிருந்தால் கட்டாயம் தேவை. அந்த மேஜைக்கு அடியில் இருக்கும் கணினிதான் என்றைக்கும் ஆபத்து. கூட்டுபவர் பிளக்கைப் பிடுங்கினால் கப்பல் பில் நின்றுவிடும்.

விஎம்வேர், ஹைப்பர்-வி, ப்ராக்ஸ்மாக்ஸ்: எதை எடுப்பது?

விண்டோஸ் சர்வர் லைசென்ஸ் ஏற்கனவே வாங்கியிருந்தால் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி அதிலேயே இருக்கிறது. பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு விண்டோஸ் மட்டும்தான் தெரியும் என்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹைப்பர்-வி மட்டும் தனியாக இலவசமாகக் கிடைத்தது 2019 பதிப்போடு நின்றுவிட்டது. இனி அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

லினக்ஸ் கொஞ்சம் பழகியவர் இருந்தால் என் தேர்வு ப்ராக்ஸ்மாக்ஸ். டெபியன் லினக்ஸின் மேல் கேவிஎம்மை வைத்து, பிரவுசரிலேயே நிர்வகிக்கும்படி செய்திருக்கிறார்கள். வியன்னாவில் இருக்கும் நிறுவனம், 2008 முதல் வருகிறது. பணம் கட்டாமலும் பயன்படுத்தலாம். அலுவலகத்துக்கு ஓடும்போது ஆண்டுச் சந்தா கட்டிவிடுவது நல்லது, நன்கு சோதித்த அப்டேட்கள் அதில்தான் வரும்.

விஎம்வேர் நல்ல பொருள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பதை நிறுத்தி, எல்லாவற்றையும் சந்தாவாக்கினார்கள். 2024 பிப்ரவரியில் விஎம்வேரின் ஹைப்பர்வைசரான ஈஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பும் நின்றது, 2025 ஏப்ரலில் மறுபடி வந்தது. அந்த இலவசப் பதிப்பில் பேக்கப் மென்பொருள்கள் உள்ளே நுழைவதற்கான வழி அடைத்திருக்கிறது. முப்பது பேர் அலுவலகத்துக்குப் புதிதாக அதை நான் பரிந்துரைப்பதில்லை. ஏற்கனவே ஓடுகிறது என்றால் பதறி அவிழ்க்கவும் வேண்டாம். சந்தா முடியும் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, ஆறு மாதம் முன்பே மாற்று வழியைச் சோதித்துப் பாருங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸ் கற்றுக்கொள்ள அருமையானது. அலுவலக சர்வருக்கு வேண்டாம். அதோடு வரும் எக்ஸ்டென்ஷன் பேக் தனிப்பட்ட பயன்பாட்டுக்குத்தான் இலவசம், நிறுவனத்தில் போட்டால் ஆரக்கிளுக்குப் பணம் கட்ட வேண்டும்.

எவ்வளவு பெரிய பெட்டி வாங்குவது?

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். முப்பது பேர் வேலை செய்யும் ஷூ கம்பெனி அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். யூசர் பாஸ்வேர்டுகளை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலருக்கு 4 ஜிபி ரேம். கோப்பு சர்வருக்கு 8. பத்துப் பேர் ரிமோட்டில் நுழைந்து டேலி பார்க்கும் சர்வருக்கு 24. வருகைப்பதிவும் சம்பளமும் டேட்டாபேஸோடு சேர்த்து 12. கண்காணிப்புக்கு ஒரு சின்ன லினக்ஸ் 2. மொத்தம் 50. ஹோஸ்டுக்கு ஒரு 8 விடுங்கள், 58 ஆகிறது.

விற்பவர் 64 போதும் என்பார். கணக்குக்குப் போதும்தான். ஆனால் பேக்கப்பிலிருந்து ஒரு விஎம்மை எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டிய நாளில், டேலி விஎம்மின் இன்னொரு நகலுக்கு 24 ஜிபி எங்கிருந்து வரும்? அந்த இடத்தையும் சேர்த்து 96 வாங்குங்கள். பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால் முதலில் ரேம், அப்புறம் டிஸ்க், கடைசியில்தான் சிபியு.

டிஸ்க் விஷயத்தில் ஒன்று. லேப்டாப்புக்கு வாங்கும் எஸ்எஸ்டியை சர்வரில் போடாதீர்கள். திடீரென்று கரண்ட் போனால், எழுதிக்கொண்டிருந்ததைப் பத்திரமாக முடித்துவைக்கும் கெப்பாசிட்டர் சர்வர் எஸ்எஸ்டியில் இருக்கும், சாதாரணத்தில் இருக்காது. ஒரே டிஸ்கில் ஐந்து விஎம் எழுதும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். டிஸ்குகளை ஜோடியாகப் போட்டு மிரர் செய்யுங்கள், ஒன்று போனாலும் மற்றது ஓட்டும்.

டேலி விஎம் மெதுவாக இருக்கிறது. 4 சிபியுவை 12 ஆக்கினால் சரியாகிவிடுமா?

பெரும்பாலும் இன்னும் மெதுவாகும். விஎம்முக்கு நீங்கள் கொடுப்பது நிஜ சிபியு இல்லை, வரிசையில் நிற்க ஒரு டோக்கன். ஒரே விஎம் பன்னிரண்டு டோக்கன் கேட்டால் ஹைப்பர்வைசர் அதற்குக் காலி கோர்களைத் திரட்ட வேண்டும், பக்கத்து விஎம்களும் காத்திருக்க வேண்டும். 2 அல்லது 4இல் தொடங்குங்கள். ஒரு வாரம் பயன்பாட்டைப் பாருங்கள். நாள் முழுக்க உச்சத்திலேயே இருந்தால் மட்டும் கூட்டுங்கள். நான் பார்த்த வரையில் டேலி மெதுவாவதற்குக் காரணம் பெரும்பாலும் டிஸ்க்தான். ப்ராக்ஸ்மாக்ஸில் விண்டோஸ் போட்டிருந்தால் விஎம்மின் டிஸ்கையும் நெட்வொர்க்கையும் வேகமாக்கும் விர்ட்ஐஓ டிரைவர் ஏற்றியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரு விண்டோஸ் சர்வர் லைசென்ஸ் வாங்கிவிட்டு எத்தனை விஎம் வேண்டுமானாலும் போடலாமா?

முடியாது. விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட் லைசென்ஸ் என்பது பெட்டியில் இருக்கும் அத்தனை கோர்களுக்கும் சேர்த்து வாங்குவது, குறைந்தபட்சம் 16 கோர். அப்படி வாங்கினால் அதே பெட்டியில் இரண்டு விண்டோஸ் சர்வர் விஎம் ஓட்டலாம். மூன்றாவது நான்காவது வேண்டுமென்றால் எல்லாக் கோர்களுக்கும் இன்னொரு முறை வாங்க வேண்டும். நிறைய விஎம் இருந்தால் டேட்டாசென்டர் பதிப்பு. இதற்கு மேல் உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும் அல்லது ஒவ்வொரு கருவிக்கும் கால் (சிஏஎல்) என்ற உரிமம் உண்டு. ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைபவர்களுக்கு அதற்கென்று தனி கால். அது இல்லாமல் நிர்வாக வேலைக்கு இரண்டு பேர்தான் நுழைய முடியும். லினக்ஸ் விஎம்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, எது லினக்ஸில் ஓடுமோ அதை அங்கே தள்ளிவிடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், ஆற்காடு பக்கம் ஓர் அலுவலகத்தில் நடந்தது. சர்வர் அடிக்கடி தானாக அணைகிறது என்று கூப்பிட்டார்கள். நான் போவதற்குள் யுபிஎஸ் பேட்டரி அத்தனையும் மாற்றியிருந்தார்கள், எலக்ட்ரீஷியன் வந்து எர்த் பார்த்துவிட்டுப் போயிருந்தார். நான் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அணையும் நேரத்தைக் குறித்தேன். 10:12. பிறகு 11:12. பிறகு 12:12. கரண்ட் பிரச்சினை கடிகாரம் பார்த்து வராது. உள்ளே போய்ப் பார்த்தால் சோதனைப் பதிப்பு விண்டோஸ் சர்வர். அதற்கு 180 நாள்தான் ஆயுள், முடிந்ததும் மணிக்கு ஒரு முறை தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். போட்டுக்கொடுத்தவர் பில்லில் லைசென்ஸ் என்று எழுதிப் பணம் வாங்கியிருந்தார். அந்தக் கணக்குப்பிள்ளை பெரியவர் பேட்டரி பில்லையும் அந்தப் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பொருளை வாங்கும் நாளிலேயே லைசென்ஸ் உங்கள் நிறுவனத்தின் பெயரில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிறார்கள். யுபிஎஸ் இருக்கிறதே, போதாதா?

மின்வாரியம் மாதத்தில் ஒரு நாள் துணைமின் நிலையப் பராமரிப்புக்கு நிறுத்துவது முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும், அது பிரச்சினை இல்லை. அன்றைக்குக் காலையில் வந்ததும் ஒழுங்காக அணைத்துவிடலாம், அல்லது ஜெனரேட்டரில் ஓட்டலாம். கோடை மழையில் சொல்லாமல் போகும் கரண்ட்தான் சேதம் செய்யும். அதிலும் இரவு இரண்டு மணிக்குப் போய், யுபிஎஸ் மெல்ல வடிந்து, யாரும் இல்லாத நேரத்தில் ஹோஸ்ட் பொத்தென்று அணைவது.

சாதாரண சர்வர் அப்படி அணைந்தால் ஒரு விண்டோஸ் அடிபடும். ஹோஸ்ட் அணைந்தால் ஐந்தும் ஒரே நேரத்தில் அடிபடும். யுபிஎஸ்ஸிலிருந்து ஹோஸ்டுக்கு யுஎஸ்பி வயரோ நெட்வொர்க் வயரோ போட்டு, பேட்டரி பாதிக்கு வந்ததும் ஹோஸ்டுக்குச் செய்தி போகும்படி செய்யுங்கள். லினக்ஸில் இதற்கு நட் என்ற மென்பொருள் இருக்கிறது, இலவசம். செய்தி வந்ததும் ஹோஸ்ட் ஒவ்வொரு விஎம்மையும் முறையாக ஷட்டவுன் செய்துவிட்டுத் தானும் அணையும். அந்த வயர் யுபிஎஸ் பெட்டியோடு சேர்ந்தே வந்திருக்கும், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அலமாரியில் கிடப்பதைப் பல இடங்களில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

திரும்ப எழும்போது வரிசை முக்கியம். முதலில் டொமைன் கன்ட்ரோலர், இரண்டு நிமிடம் கழித்துக் கோப்பு சர்வர், அப்புறம் டேட்டாபேஸ், கடைசியில் டேலி. ஹைப்பர்-வியிலும் ப்ராக்ஸ்மாக்ஸிலும் இந்தத் தாமதத்தை ஒவ்வொரு விஎம்முக்கும் எழுதிவைக்கலாம். வரிசை வைக்காத இடத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து, ஒன்றை ஒன்று தேடிவிட்டு, பாதி வேலை செய்யாமல் நிற்கும்.

சர்வரை எந்த அறையில் வைப்பது?

அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. சர்வருக்குள் போகும் காற்று 18லிருந்து 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. ஒரு ஏசி போதாது. இரண்டு சின்ன ஏசி வைத்து மாற்றி மாற்றி ஓட்டுங்கள், ஒன்று பழுதானால் மற்றது தாங்கும். அறை 32 டிகிரியைத் தொட்டால் கைப்பேசிக்குச் செய்தி வரும்படி ஒரு சென்சார் மாட்டுங்கள்.

தோல் கம்பெனிகளுக்கு மட்டும் இன்னொன்று. முடி நீக்கும் சுண்ணாம்பு வேலையில் சோடியம் சல்ஃபைடு பயன்படுத்துகிறீர்கள். அதிலிருந்து வரும் அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்து அரிக்கும். சர்வர் போர்டு முழுக்க செம்புத் தடங்கள்தான். ராணிப்பேட்டையில் ஒரு ரேம் ஸ்டிக்கை உருவிப் பார்த்தபோது அதன் விளிம்பும் பக்கத்துச் சின்ன பாகங்களும் கரி பூசியதுபோல் கறுத்திருந்தன. அந்த சர்வர் அறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் சுண்ணாம்புக் குழி இருக்கும் பக்கத்திலிருந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. அலுவலகக் கட்டடத்தில் வையுங்கள், ஜன்னலை அடைத்துவிடுங்கள். வெளிக்காற்று நேராக உள்ளே வரவே கூடாது.

ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருக்கிறோம். பேக்கப் எதற்குத் தனியாக?

இந்தக் கேள்வியில்தான் அதிகப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியில், அதுவரை இருந்த டிஸ்க் கோப்பு உறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் பக்கத்தில் ஒரு புதுக் கோப்பில் சேர்கிறது. திரும்பிப் போக வேண்டுமென்றால் புதுக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு உறைந்ததிலிருந்து தொடங்கலாம். அப்டேட் போடுவதற்கு முன் எடுத்து, சரியாக இருக்கிறது என்று பார்த்ததும் அழித்துவிடுவதற்கு இது அருமையான வசதி. ஆனால் பழையதும் புதியதும் ஒரே டிஸ்கில், ஒரே பெட்டியில் இருக்கின்றன. டிஸ்க் போனால் இரண்டும் போகும். விஎம்வேர் தன் வழிகாட்டுதலிலேயே ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்கிறது.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சம்பள மென்பொருளை அப்டேட் செய்ய வந்தவர், வேலைக்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தார். அது சரிதான். போகும்போது அதை அழிக்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. ஏழு மாதம் அந்தப் புதுக் கோப்பு வளர்ந்துகொண்டே போய், ஒரு மாதம் 6ஆம் தேதி இரவு டிஸ்க் நிரம்பியது. மூன்று விஎம்கள் அப்படியே உறைந்து நின்றன. மறுநாள் சம்பளம்.

நான் போய்ச் சேர்ந்தபோது இரவு பதினொன்று. ஸ்னாப்ஷாட்டை அழித்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் அழிப்பது என்றால் புதியதைப் பழையதோடு சேர்த்துத் தைப்பது, அந்தத் தையலுக்கே டிஸ்கில் இடம் வேண்டும். இடம் இல்லை. கோப்பு சர்வரின் டிஸ்க் கோப்பை முதலில் வெளி ஹார்ட் டிஸ்குக்கு மாற்றி இடம் உண்டாக்கி, பிறகு தையலைத் தொடங்கினோம். அந்தக் கோடு 3 சதவீதம், 4 சதவீதம் என்று நகர்ந்தது. காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்கள் வரத் தொடங்கிவிட்டன. பெண்கள் வரிசையில் வந்து வருகைப்பதிவு மெஷினில் விரல் வைக்கிறார்கள், பச்சை விளக்கு எரிகிறது. அவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோல்தான் தெரியும். அந்தப் பதிவுகள் சர்வருக்குப் போகாமல் மெஷினுக்குள்ளேயே சேர்ந்துகொண்டிருந்தன. ஒன்பது மணிக்கு விஎம் எழுந்தது, மெஷின்களில் தேங்கியிருந்த பதிவுகளும் இறங்கின. சம்பளம் அன்றைக்கே போனது. சம்பள நாளை நம்பிக் கடன் தவணை வைத்திருப்பவர்கள் அந்த வரிசையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று இன்றும் நினைப்பேன்.

ஸ்னாப்ஷாட் எடுத்தால் யார் எடுத்தது, எதற்கு, எப்போது அழிப்பது என்று அதன் பெயரிலேயே எழுதுங்கள். டிஸ்க் 80 சதவீதம் நிரம்பினால் மெயில் வரும்படி வையுங்கள். தின் டிஸ்க் வைத்திருப்பவர்கள், அதாவது 500 ஜிபி என்று காட்டிவிட்டு எழுத எழுத மட்டும் இடம் எடுத்துக்கொள்ளும் முறையில் இருப்பவர்கள், இதை மறக்கவே கூடாது. எல்லா விஎம்முக்கும் சொல்லியிருக்கும் இடத்தைக் கூட்டினால் நிஜ டிஸ்கைவிட அதிகமாக இருக்கும்.

சரி, பேக்கப்பை எங்கே, எப்படி வைப்பது?

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். ஓடிக்கொண்டிருப்பது ஒன்று. அலுவலகத்திலேயே தனிப் பெட்டியில் தினசரி பேக்கப் ஒன்று, ப்ராக்ஸ்மாக்ஸ் என்றால் அவர்களுடைய பேக்கப் சர்வர் இதற்கு நன்றாக இருக்கிறது. மூன்றாவது வெளியே. ராணிப்பேட்டையில் யூனிட், வேலூரில் அலுவலகம் என்று இருந்தால் ஒன்றின் பேக்கப்பை மற்றதில் வையுங்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்தவர்களுக்கு இரண்டு நகலையும் ஒரே தரைத்தளத்தில் ஏன் வைக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் இருக்கிறது. கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் மின்னணுக் கணக்குப் புத்தகங்களை இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

எடுத்த பேக்கப் திரும்புமா என்று பார்ப்பதுதான் நிஜ வேலை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், ஏதாவது ஒரு விஎம்மை பேக்கப்பிலிருந்து வேறு பெயரில் மீட்டு, நெட்வொர்க்கைத் துண்டித்த நிலையில் ஓடவிட்டு, கணக்குப் பிரிவில் ஒருவரை அழைத்து நேற்றைய கடைசி வவுச்சர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி சர்வர் அறைக் கதவில் ஒட்டுங்கள்.

நேரத்தை முன்கூட்டியே கணக்குப் போடலாம். அலுவலகத்துக்குள் 1 ஜிபிபிஎஸ் நெட்வொர்க் நடைமுறையில் நொடிக்குச் சுமார் 110 எம்பி தரும், 500 ஜிபி விஎம் திரும்ப ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அதே விஎம்மை 50 எம்பிபிஎஸ் இணைய இணைப்பில் கிளவுடிலிருந்து இறக்கினால் 22 மணி நேரம். முதலாளியிடம் இந்த இரண்டு எண்ணையும் சொன்னால் தனிப் பேக்கப் பெட்டிக்கு அன்றே கையெழுத்துப் போடுவார்.

டேலி லைசென்ஸ், டிஎஸ்சி டோக்கன் எல்லாம் விஎம்மில் வேலை செய்யுமா?

டேலி உரிமம் அது நிறுவப்பட்ட கணினியோடு கட்டப்பட்டது. பழைய கணினியில் சரண்டர் செய்துவிட்டுப் பிறகு விஎம்மில் ஆக்டிவேட் செய்யுங்கள். பழையதை ஃபார்மட் செய்த பிறகு இது நினைவுக்கு வந்தால் வீண் அலைச்சல்.

டிஎஸ்சி டோக்கனை, அதாவது டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி குச்சியை, சர்வரில் குத்தி விஎம்முக்குள் அனுப்ப முடியும். நான் செய்வதில்லை. கையெழுத்து யாருடையதோ அவர் மேஜைக் கணினியில், அவர் கண் முன்னால் இருக்கட்டும்.

தோல் அளக்கும் மெஷினின் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடுகிறது. அதை விஎம் ஆக்கலாமா?

ஆக்கலாம், பல இடங்களில் ஆக்க வேண்டிய கட்டாயமும் இருக்கிறது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்துவிட்டது, அந்தக் கணினியின் மதர்போர்டு போனால் மாற்று கிடைக்காது. இன்றைக்கு நன்றாக ஓடும்போதே டிஸ்கை முழுதாக நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

சிக்கல் வயரில் வரும். பழைய மெஷின்கள் சீரியல் போர்ட்டில் பேசும், சில மென்பொருளுக்குப் பிரிண்டர் போர்ட்டில் மாட்டும் டோங்கிள் என்ற உரிமப் பூட்டு இருக்கும். சீரியலை விஎம்முக்குக் கொடுத்துவிடலாம். பிரிண்டர் போர்ட் டோங்கிள் பெரும்பாலும் ஒத்துழைக்காது. அதனால் விஎம்மில் ஒரு நாள் முழுக்கச் சதுர அடிக் கணக்கு சரியாக வருகிறதா என்று, கையால் அளந்த தோல்களோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பழைய பெட்டியைக் கழற்றாதீர்கள். அந்த எக்ஸ்பிக்கு இணையம் வேண்டாம், மற்ற கணினிகளும் அதற்குத் தெரிய வேண்டாம்.

விஎம்முக்குள் நேரம் தப்பாகக் காட்டுகிறதே?

ஹோஸ்டின் நேரத்தைச் சரிசெய்யுங்கள், விஎம்களின் நேரமும் ஒரே இடத்திலிருந்து வரட்டும். டொமைனில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் லாகினே ஆகாது. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று விட்ட உத்தரவில், தேசிய தகவலியல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்திசைக்கச் சொல்லியிருக்கிறார்கள். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது.

விஎம்களுக்கு என்ன பெயர் வைப்பது?

செய்யும் வேலையின் பெயர். ஊர், மாவட்டம் வேண்டாம். ஓர் ஏற்றுமதி நிறுவனம் வேலூர்-1, வேலூர்-2 என்று வைத்திருந்தது, இரண்டில் ஒன்று ராணிப்பேட்டை யூனிட்டுக்கானது. 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு வேலைக்கு வந்த பையனுக்கு இரண்டுமே வேலூர் யூனிட்டுடையது என்றுதான் தோன்றியது, தவறானதை ரீஸ்டார்ட் செய்துவிட்டான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும் கிளவுடில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே?

சிலருக்கு அதுதான் சரி. அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலேயே டேட்டா சென்டர் இருக்கிறது, வேகம் குறையாது. கிளைகள் பல ஊரில் இருந்தாலும், சர்வர் அறைக்கு நல்ல இடம் இல்லாவிட்டாலும் கிளவுட் நல்லது. ஆனால் வருகைப்பதிவும் உற்பத்தி மெஷினோடு பேசும் மென்பொருளும் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். சாலை தோண்டும்போது ஃபைபர் அறுந்தால் ஷிஃப்ட் நிற்கக் கூடாது. இரண்டு கம்பெனியின் இணைய இணைப்பு, இரண்டும் வேறு வேறு கம்பத்தில் வருவது, இல்லாமல் கிளவுடுக்குப் போக வேண்டாம். கிளவுடில் வைத்தாலும் பேக்கப் உங்கள் பொறுப்புதான்.

ஒரே பெட்டியில் எல்லாம் இருந்தால், பெட்டி போனால் எல்லாம் போகுமே?

ஆமாம். அதனால் இரண்டாவது பெட்டி வேண்டும், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. ஹைப்பர்-வியில் ரெப்ளிகா என்ற வசதி 5 நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றங்களை அங்கே அனுப்பும். ப்ராக்ஸ்மாக்ஸில் இரண்டு பெட்டியிலும் இசட்எஃப்எஸ் என்ற டிஸ்க் அமைப்பு இருந்தால் 15 நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பலாம். தானாகவே மாறிக்கொள்ளும் கிளஸ்டர் வேண்டுமென்றால், எந்தப் பெட்டி ஓட வேண்டும் என்று பெரும்பான்மையில் முடிவெடுக்க மூன்று ஓட்டு வேண்டும், இரண்டு பெட்டியும் ஒரு சின்னக் கணினியும் போதும். இரண்டு பெட்டி மட்டும் வைத்துக் கிளஸ்டர் போட்டால், இடையில் வயர் அறுந்த நேரத்தில் யார் உயிரோடு இருப்பது என்று அவற்றுக்குத் தெரியாது. சின்ன அலுவலகத்துக்குக் கையால் மாற்றுவதே போதும் என்பது என் எண்ணம்.

ரேன்சம்வேர் பற்றி?

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தாக்குதல்தான் ரேன்சம்வேர். ஹோஸ்டின் நிர்வாகப் பக்கம் இணையத்தில் தெரியவே கூடாது. 2023 பிப்ரவரியில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர்கள் பூட்டப்பட்டன, அந்த ஓட்டைக்கு இரண்டு வருடம் முன்பே திருத்தம் வந்திருந்தது. ஹோஸ்டின் பாஸ்வேர்டும் பேக்கப் பெட்டியின் பாஸ்வேர்டும் விண்டோஸ் டொமைனோடு சேராமல் தனித்தனியாக இருக்கட்டும். இரண்டையும் எழுதி உறையில் ஒட்டி, முதலாளியின் இரும்புப் பெட்டியில் வையுங்கள்.

படித்துக்கொண்டிருக்கிறேன், இந்த வேலையைக் கற்றுக்கொள்ள எங்கே தொடங்குவது?

பாலிடெக்னிக்கிலிருந்தும் இன்ஜினியரிங் கல்லூரிகளிலிருந்தும் பலர் கேட்கிறார்கள். 16 ஜிபி ரேம் உள்ள பழைய கணினி ஒன்று போதும். பயாஸில் இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்று இருப்பதை இயக்குங்கள். ப்ராக்ஸ்மாக்ஸை நிறுவி, ஒரு லினக்ஸ் விஎம் போட்டு, அதில் உங்கள் வீட்டுச் செலவுக் கணக்கையோ குடும்பப் புகைப்படங்களையோ வையுங்கள். போனால் மனசு கஷ்டப்படும் பொருளாக இருக்கட்டும், நகல் மட்டும் வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளி ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுங்கள். ஒரு வாரம் கழித்து அந்த விஎம்மை அழித்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, திரும்ப ஓடவையுங்கள். முதல் தடவை எனக்கு மூன்று மணி நேரம் ஆனது, நெட்வொர்க் பிரிட்ஜின் பெயரை மாற்றி எழுதியிருந்தேன். வேலை கேட்டு வருபவர்களிடம் நான் இதைத்தான் கேட்பேன்: கடைசியாக எந்த விஎம்மை மீட்டாய், எத்தனை நிமிடம் ஆனது, எங்கே தடுக்கியது?